வெள்ளரிசி விளைத்த நோய்

உடல் நலத்துக்கு ஏற்றது எது என்று ஆராய்ந்து உண்ண விரும்புவோர் எக்காலத்தும் உளர். அவ்வாறு விரும்புவோரே பெரும்பிழை செய்து விடுவதும் உண்டு. உண்ணும் பொருளின் நிறத்தைக் கண்ணால் கண்டே 'இது நல்லது' என்று முடிவு கட்டுவது அப்பிழைகளுள் முதன்மையானது. வெண்மையே தூய்மை, தூய்மையே நன்மை என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றிய ஒன்று. அவ்வெண்ணம் மலாயாவில் பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. அதன் பிழையை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டிய சோதனைகளுள் ஒன்று கோலாலம்பூரிலேயே நடந்தது. தமிழருக்கு நெருங்கிய தொடர்புடைய இவ்வரலாற்றைத் தமிழர் பலர் அறியார்.

பத்துமலைக் குகையில் முருகனுக்குக் கோயில் எழுந்தது 1891ஆம் ஆண்டில். தம்புசாமிப் பிள்ளை அதற்கு முன்னின்றார். 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அவ்விழா வேரூன்றிய அதே ஆண்டுகளில்தான் சிலாங்கூரிலும் பிற மலாய் மாநிலங்களிலும் பெரிபெரி என்னும் நோய் தலைவிரித்தாடியது. மலையடிவாரத்தில் காவடியோடு கூடிய தமிழரும், அண்மையில் ஈயச் சுரங்கங்களில் மண் வெட்டிய சீனரும், ஆற்றோரக் கம்பங்களில் வாழ்ந்த மலாய்க்காரரும் ஒரே மழையில் நனைந்தனர். ஒரே காற்றை உயிர்த்தனர். ஆயினும் அந்நோய் சீனத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்தியது; மலாய்க்காரரை அரிதாகவே தொட்டது; தமிழரைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஏன் இந்த வேறுபாடு?

பெரிபெரி என்பது சிங்களச் சொல் என்பர். 'முடியவில்லை, முடியவில்லை' என்பது அதன் பொருளாம். பெயருக்கேற்ற நோயே அது. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். காலை ஊன்றி எழ முடியாது. சிலருக்கு உடல் வற்றித் தசை கரையும். சிலருக்கோ கால் முதல் மேல்நோக்கி நீர்கோத்து வீங்கி, நெஞ்சு படபடத்து, ஓரிரு நாளில் உயிர் பிரியும். சுரங்கத்துக் கொங்சி வீடுகளில் குடும்பமின்றி வாழ்ந்த ஆடவருக்கு உணவு சோறும் சிறிது கருவாடும். காய்கறி கிடைத்த நாள் விருந்து நாள். அவர்களே இந்நோய்க்கு முதல் இரையாயினர். அடுத்து இரையானவர், அரசாங்கமே உணவளித்துக் காத்த சிறைக்கைதிகளும் மருத்துவமனை நோயாளிகளும்! அங்கே தரையைக் கழுவினர். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். நல்ல வெள்ளரிசியாகப் பார்த்து வாங்கிச் சமைத்தனர். நோயோ குறையவில்லை.

அக்கால மருத்துவர் இதனைத் தொற்றுநோய் என்றே கருதினர். அதற்காக அவர்களைப் பழிக்க இயலாது. பாஸ்டரும் கோக்கும் கிருமிகளைக் கண்டுபிடித்து உலகை வியக்க வைத்திருந்த காலம் அது. எந்நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்பது படித்தவர் நம்பிக்கை. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் இந்நோயையே முதன்மையாக ஆராய்ந்தார். வாய்வழி புகும் ஒரு நுண்ணுயிரே காரணம் என்று 1902இல் முடிவு கூறினார். ஈரமண் காரணம் என்றாரும், நெருக்கடியான இருப்பிடம் காரணம் என்றாரும் இருந்தனர். உள்ளே புகுந்தது யாது என்றே எல்லாரும் தேடினர். உண்ட உணவில் இல்லாமற் போனது யாது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பார் வேறு வழியில் சென்றார். யார் யார் நோயுறுகின்றனர், யார் யார் உறவில்லை என்று கணக்கெடுத்து, அவரவர் உண்ணும் அரிசியை அவர் ஒப்பிட்டார். சீனர் உண்டது சயாம் முதலிய இடங்களின் நீராவி ஆலைகளில் தீட்டி வெண்மையாக்கிய பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது தம் வயலில் விளைந்து, வேண்டும்போது உரலில் குத்திக்கொண்ட அரிசி. தமிழர் உண்டது வங்காளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கப்பலேறி வந்த புழுங்கலரிசி. மூன்றும் அரிசியே, மூன்றும் நெல்லிலிருந்து வந்தனவே. நோய் மட்டும் ஒன்றைப் பற்றிக்கொண்டு நின்றது.

புழுங்கல் முறையை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இளைஞர் பலர் அரிசியைப் பையில் மட்டுமே கண்டவராதலின் சுருங்கச் சொல்வது தகும். நெல்லை உமியோடு நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி, அதன் பின்னரே குத்துவர் அல்லது அரைப்பர். அதனால் அரிசி சற்றே மங்கிய மஞ்சள் நிறம் பெறும். ஊறிய நெல்லின் வாடை சிறிது தங்கும். அவ்வாடை பழகாதவர்க்கு அருவருப்பாக இருந்தது. 'கூலிகள் உண்ணும் கெட்ட அரிசி' என்று அதனை இகழ்ந்தவரும் உண்டு. பளிங்குபோல் வெளுத்த சயாம் அரிசிக்கு முன் அது அழுக்குப் படிந்ததுபோல் தோன்றியதில் வியப்பில்லை.

பிராடன் தம் கருத்துகளை விரிவாக எழுதி 1907இல் நூலாக வெளியிட்டார். குற்றவாளி அரிசியே என்பதை அவர் சரியாகக் கண்டார். காரணத்தில்தான் தவறினார். பழைய பச்சரிசியில் ஏதோ பூஞ்சை பற்றி நஞ்சு உண்டாகிறது, புழுக்கும்போது அந்நஞ்சு தோன்ற வழியில்லாமற் போகிறது என்பது அவர் கொள்கை. கண்டது உண்மை, கொண்ட காரணம் பொய். அறிவியல் வரலாற்றில் இவ்வாறு நேர்வது புதிதன்று.

பிராடன் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. அந்நிலையில்தான் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் சோதனை நடந்தது. அவ்விடுதியில் 1905ஆம் ஆண்டில் இருந்த 219 பேரில் 94 பேரைப் பெரிபெரி பற்றியது. 27 பேர் இறந்தனர். பொறுப்பிலிருந்த மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் விடுதியிலிருந்த எல்லாரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண்ணினர் மேற்குப் பக்கக் கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டனர். இரு கட்டடங்களும் ஒரே அமைப்புடையவை. சுற்றி ஒரே மதில். கிழக்கே இருந்தவர்க்குச் சயாம் பச்சரிசிச் சோறு. மேற்கே இருந்தவர்க்கு வங்காளப் புழுங்கலரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் இரு சாரார்க்கும் ஒன்றே. நோய் கட்டடத்தைப் பற்றியதோ என்னும் ஐயம் தீர, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றியும் வைத்தனர். அரிசி மட்டும் அவரவர்க்கு உரியதே தொடர்ந்தது.

இதன் நேர்த்தியைக் கருதிப் பார்க்க வேண்டும். இவர் உடல் வலியர், அவர் மெலியர் என்று மருத்துவர் தம் விருப்பப்படி பிரிக்கவில்லை. வரிசையில் நின்ற இடமே ஒவ்வொருவரும் எப்பக்கம் செல்வது என்பதை முடிவு செய்தது. பிற்கால மருத்துவ ஆய்வுமுறையின் வரலாற்றை எழுதுவோர் பிளெட்சரின் இச்சோதனையை விரும்பி எடுத்துக்காட்டுவதற்கு இதுவே காரணம்.

1906ஆம் ஆண்டு முடியும்வரை கணக்கு வைத்தனர். புழுங்கலரிசி உண்டோர் 123 பேர். அவர்களுள் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் எவருமிலர். பச்சரிசி உண்டோர் 120 பேர். அவர்களுள் பலரை நோய் பற்றியது. 18 பேர் இறந்தனர்.

இந்தப் பதினெட்டு என்னும் எண்ணை எளிதாகக் கடந்து செல்வதற்கில்லை. அவர்கள் தங்களுக்கு எந்த அரிசி வேண்டும் என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். அவர்களை எவரும் கேட்கவுமில்லை. இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனைக்கு இடந்தராது. அதே வேளையில், சோதனைக்கு முன்பும் அவர்கள் உணவால் மடிந்துகொண்டுதான் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. அறிவியல் பெற்ற ஊதியத்தைப் பேசும்போது அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் உடன்வைத்துப் பேசுவதே நேர்மை.

1907இல் இலண்டன் மருத்துவ இதழான 'லான்செட்'டில் தம் முடிவை எழுதிய பிளெட்சர், அடக்கமாகவே எழுதினார். பச்சரிசியில் நஞ்சு இருக்கலாம்; அல்லது அதில் சத்துக் குறைவு இருக்கலாம்; அல்லது அக்குறைவால் மெலிந்த உடலில் கிருமி எளிதில் புகலாம் என மூன்று வழிகளையும் திறந்தே வைத்தார். இரண்டாவது வழியே உண்மை என்பது பின்னர் விளங்கியது.

அடுத்த படியை ஏறியவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும். விடுதியில் பழைய கிருமி எங்கேனும் ஒளிந்திருக்கலாம் என்னும் மறுப்புக்கும் இடம் வைக்கலாகாது என்று எண்ணிய அவர்கள், நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போடச் சென்ற ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரைத் தேர்ந்தனர். மனிதர் குடியிருந்திராத இடம். புதிதாகக் கட்டிய குடிசைகள். இரு பிரிவினருக்கும் இருவகை அரிசி. ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளரிசிப் பிரிவில் நோய் தோன்றியது; அரிசியை மாற்றியதும் நின்றது. பிறகு மற்றப் பிரிவினருக்கு வெள்ளரிசி தந்தபோது அவர்களிடமும் தோன்றியது. ஆலையில் தீட்டி ஒதுக்கிய தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால், வெள்ளரிசி தின்ற கோழிகளும் நோயுறாமல் இருப்பதையும் அவர்கள் காட்டினர். அரிசியிலுள்ள பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று ஓர் அளவுகோலும் வகுத்தனர். பாஸ்பரஸ் மருந்தன்று, தவிடு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவே. 1910இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளரிசியையே முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் செய்தது.

கோலாலம்பூருக்கு முன்பே சாவகத்தில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் இதன் வாசலைத் தட்டியிருந்தார். மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்ததையும், புதிதாக வந்த சமையற்காரர் படைவீரர் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்தபின் அவை தேறியதையும் அவர் கண்டார். அவருக்கும் முதலில் நஞ்சென்றே தோன்றியது. அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ்தான் 1901இல், தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று குறைவதே நோய் என்றார். 1912இல் பங்க் என்னும் போலந்து நாட்டு அறிஞர் அத்தகைய பொருள்களுக்கு 'விட்டமின்' என்று பெயர் சூட்டினார். உயிர்ச்சத்து என்று தமிழில் வழங்குவது இதனையே. 1926இல் யான்சனும் டோனத்தும் சாவகத்தில் அதனைத் தவிட்டிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1936இல் அதனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கச் சமயத் தொண்டரின் மகனான அவர் பிறந்தது, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரில்.

இனிப் புழுங்கலரிசி தமிழரைக் காத்தது எவ்வாறு என்பதைக் காண்போம். தைமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்து, அரிசியின் முளையிலும் தவிட்டுப் படலத்திலுமே மிகுதியாக உள்ளது. பச்சை நெல்லைத் தீட்டும்போது அவ்விரண்டும் போய்விடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கித் தங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி எஞ்சுகிறது. களையும்போதும் அவ்வளவாகப் போவதில்லை. மாவுப்பொருளை உடல் எரித்து வலிமையாக்குவதற்குத் தைமின் இன்றியமையாதது. ஆகவே சோறு மட்டுமே மிகுதியாக உண்பவனுக்கு அது மிகுதியாக வேண்டும். அவனுக்கோ அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

தாயகத்தில் நடந்த ஆராய்ச்சியும் இதனை உறுதி செய்தது. நீலகிரிக் குன்னூரில் மெக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் அரிசியைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி நிலைத்திருந்த பகுதி, ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களே. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. தீட்டிய பச்சரிசியைப் பலமுறை களைந்து, நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால், எஞ்சியிருந்த சிறிது சத்தும் பெரும்பாலும் போய்விடும் என்பதும் தெரிந்தது. தூய்மை கருதிச் செய்யும் செயல்தான் இதுவும். தவிடு மாட்டுக்குப் போக, கழுநீர் தொட்டிக்குப் போக, கஞ்சி வடிதட்டுக்குப் போக, வெறும் சக்கை இலைக்கு வந்தது!

இவ்வரலாற்றைக் கேட்ட சிலர், 'பண்டைத் தமிழர் எல்லாம் அறிந்தே செய்தனர்' என்று பெருமை பேசத் தொடங்குவர். அது மற்றொரு பிழை. உயிர்ச்சத்தைக் காக்க வேண்டும் என்று எவரும் நெல்லைப் புழுக்கவில்லை. புழுக்கிய நெல் குத்தும்போது நொறுங்குவதில்லை. அரிசியில் எளிதில் வண்டு விழுவதில்லை. சோறு குழையாமல் இருக்கிறது. உழைப்பவர் வயிற்றில் நின்று தாங்குகிறது. இவை கண்கூடான பயன்கள். அவற்றோடு அறியாத பயனொன்றும் சேர்ந்துகொண்டது. மேலும், பெரிபெரி விட்டதனால் தோட்டத் தமிழர் நலமாக வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. மலேரியாவும் வயிற்றுக் கடுப்பும் கொக்கிப்புழுவும் அவர்களைக் கொன்ற கணக்கு மிகப் பெரிது. ஒரு நோயிலிருந்து காத்த அரிசி மற்றவற்றிலிருந்து காக்கவில்லை.

அந்தக் காப்பும் நிலையானதன்று. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் பர்மா, சயாம் அரிசி வரவு தடைப்பட்டது. தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைக் கொண்டு உயிர் வாழ்ந்தனர். அக்கிழங்கில் மாவு உண்டு; தைமின் மிகச் சிறிதே. முன்பு தமிழரை நெருங்காதிருந்த வீக்கமும் கால் தளர்ச்சியும் அப்போது தமிழ்க் குடும்பங்களிலும் புகுந்தன. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழ்த் தொழிலாளரின் நோய்ப் பட்டியலில் காலரா, மலேரியா, வயிற்றுக் கடுப்பு ஆகியவற்றோடு பெரிபெரியும் இடம்பெற்றது. இனத்தின் இரத்தத்தில் எவ்வகைக் காப்பும் இல்லை. காப்பு கலயத்தில்தான் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

போருக்குப் பின் பெரிபெரி படிப்படியாக மறைந்தது. பலவகை உணவு கிடைக்கலாயிற்று; பருப்பும் மீனும் முட்டையும் சோற்றின் குறையை நிரப்பின. நோயை மறந்த மக்கள் அரிசியையும் மாற்றிக்கொண்டனர். கையில் சிறிது பணம் சேர்ந்த குடும்பங்களில் வெள்ளைச் சோறு மதிப்பின் அடையாளமாயிற்று. புழுங்கலரிசி முதியோர் உணவென்று ஒதுங்கியது. இன்று அது மீண்டும் திரும்பி வருவது வேறொரு நோயின் கையைப் பிடித்துக்கொண்டு. 2019ஆம் ஆண்டின் நாடளாவிய நலக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது மிகுதி.

ஆகவே பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மளிகைக் கடைகளில் அரிசியைப் பற்றிய கேள்வி மீண்டும் எழுகிறது. பிழைகளும் புது உருவில் எழுகின்றன. வெள்ளையே நல்லது என்ற இடத்தில் இப்போது பழுப்பே நல்லது என்று எழுதிவிட்டு, அளவை மறந்து மூன்று அகப்பை உண்பவர் உளர். புழுங்கலரிசி சர்க்கரையை ஏற்றாது என்று நம்புவோர் உளர், அது பச்சரிசியினும் சற்று மெதுவாக ஏற்றும் என்பதே உண்மை, ஏற்றாமல் இராது. சோற்றை அறவே விட்டுவிட்டு, இனிப்புப்பால் ஊற்றிய தேநீரும் இரண்டு ரொட்டி சானாயும் கொண்டு பசியாறுவோரும் உளர். ஒரு பொருளை நல்லது என்று பெயரிட்டு அதனிடம் எல்லாப் பொறுப்பையும் ஒப்படைத்து விடுவது அன்றைய பிழைக்கு உடன்பிறப்பு. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்துப் பத்துக் குறளில் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியவை. செரித்ததை அறிந்து உண்பதும், அளவும், உடலுக்கு ஒத்துக்கொள்வதும் அங்குப் பேசப்படுகின்றன. இன்ன பொருளை உண்க என்று ஒரு பெயரும் அங்கில்லை என்பதை வகுப்பில் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் கவனித்திருப்பர்.

புழுங்கலரிசியைப் பற்றி இவ்வளவு கூறியபின் ஓர் ஐயம் எழலாம். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் குடும்பத்தார் முருகனுக்குப் பொங்கலிடுவது பச்சரிசியில்தானே? ஆம், ஒருமுறை அவித்த நெல்லின் அரிசி படையலுக்கு ஆகாது என்பது வழக்கம். அதனை மாற்ற வேண்டியதில்லை. பச்சரிசி நஞ்சன்று, நஞ்சென்று எண்ணியதே பிராடன் செய்த பிழை. அப்பொங்கலில் பருப்பும் சேர்கிறது. அதனை உண்பவர் மறுநாள் வேறு உணவுக்குத் திரும்புகின்றனர். காட்டுச் சாலையில் வேலை செய்த சாவகத் தொழிலாளருக்கு முதல் நோய் தோன்ற ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் அவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வெள்ளைச் சோறே உணவாக இருந்தது.